ஊற்றுகிற கை

அந்த பாரில் பரிமாறுகிற பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். தோளில் ஈரத்துண்டு, காதில் பேனா, சட்டைப் பையில் சிட்டைப் புத்தகம். காரைக்காலுக்குத் தெற்கே, வாஞ்சூர் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் இருக்கிறது அந்த இடம். இங்கே புதுச்சேரிச் சட்டம். 18 வயது ஆனவனுக்கு மது விற்கலாம். எல்லைச் சாவடியைத் தாண்டி நாகூர்ப் பக்கம் கால் வைத்தால் தமிழ்நாட்டுச் சட்டம். 21 ஆகாதவனுக்கு ஒரு பீர்கூடக் கிடையாது. நாள் முழுக்க அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுக்கிறவன், சாவடிக்கு அந்தப் பக்கம் போனால் சின்னப் பிள்ளை.

செப்டம்பர் முதல் வாரம். வேளாங்கண்ணியில் கொடியேறிச் சில நாளாகிவிட்டது. திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, பேருந்துக்கு நின்றிருந்தவர்களில் பாதிப் பேர் உள்ளே ஒதுங்கினோம். ஒரு சோடாவும் ஒரு தட்டு நெத்திலி வறுவலும் சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். சோடா குடிக்கிறவனை பாரில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வேடிக்கை பார்க்க அதைவிட வசதியான இடம் வேறில்லை.

பக்கத்து மேசைக்கு நான்கு பேர் வந்தார்கள். வடசென்னைப் பேச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள்கணக்கில் நடந்து வந்தவர்கள் என்பதைக் கால் சொல்லியது. விரல்களில் பிளாஸ்திரி, குதிகாலில் வெடிப்பு. மாதா சுரூபம் வைத்த தள்ளுவண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஒருவனைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மூன்று பேர் இளவட்டம். நான்காமவர் ஐம்பதைத் தாண்டியவர். உட்காருவதற்கு முன்னால் அவர் தோளில் இருந்த காவித் துண்டை எடுத்து நான்காக மடித்தார். கழுத்தில் கிடந்த ஜெபமாலையைக் கழற்றி மடிப்புக்குள் வைத்தார். பைக்குள் போட்டு ஜிப்பைக் கடைசிவரை இழுத்தார். அதற்கப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சித்தப்பா, உனக்கு சொல்லல. நீ சும்மா குந்து" என்றான் ஒருவன்.

"குந்திக்கினுதான கீறேன்" என்றார் அவர்.

பையன் வந்தான். "அண்ணே, ஆறு மணி வரைக்கும் ஆஃபர் ஓடுது. மூணு பீர் எடுத்தீங்கன்னா நாலாவது பாதி ரேட்டு." சுவர்க் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தைந்து. மூன்று பேரும் அந்தக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர்களுக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

குடிக்க வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கு மூன்று பாட்டில், கணக்கு சரி. ஆனால் நாலாவது பாதி விலைக்குக் கிடைக்கும்போது மூன்றோடு நிறுத்துவது ஏதோ பணத்தைக் கீழே போட்டுவிட்டுப் போவது போல அவர்களுக்குத் தோன்றிவிட்டது. "அத்தையும் எட்தா" என்றான் மற்றவன். நான்கு பாட்டில் வந்தது. நான்காவது யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. மேசையில் மிச்சமிருந்தவர் ஒருவர்தான்.

பெரியவர் டம்ளரின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். பையன் பாட்டிலோடு நின்றான். "மூடிய தொறந்தாச்சு சித்தப்பா, இனிமே வாபஸ் எடுக்க மாட்டான்" என்றான் முதலில் பேசியவன். கை அசையவில்லை. பையன் ஒன்றும் சொல்லாமல் மற்ற டம்ளர்களை நிரப்பினான். ஊறுகாய் வைத்தான். சுண்டல் கொண்டுவந்தான். திரும்பி வந்தபோது அந்தக் கை டம்ளரைவிட்டு இறங்கி மேசை விளிம்பில் இருந்தது. பையன் டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, நுரை பொங்காமல், விளிம்பு மட்டும் ஊற்றினான். தேர்ந்த கைப்பழக்கம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த மேசையை மனதில் வைத்தே சட்டம் எழுதிய நாடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், இலவச பீர் பரிசாகக் கிடைத்த ஓர் இரவின் முடிவில் இளம்பெண் ஒருத்தி உயிரிழந்தாள். 1984இல் அங்கே 'ஹேப்பி ஹவர்' என்கிற நேரக் கழிவையே தடை செய்தார்கள். அயர்லாந்து 2003இல் தடை செய்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் நுட்பமாக யோசித்தார்கள். 2005இல் இயற்றி 2009இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டத்தின்படி, ஒரு மதுவின் விலையை பாரில் மாற்றினால் அந்த விலை 72 மணி நேரம் நீடிக்க வேண்டும். குறைக்க வேண்டுமா, தாராளமாகக் குறைக்கலாம். மூன்று நாளைக்குக் குறைத்துவைக்க வேண்டும். ஆறு மணிக்குள் குடி என்று கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்த முடியாது. எந்த வியாபாரி மூன்று நாள் நட்டப்படுவான்?

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2010இல் உரிமம் பெற்ற இடங்களுக்குக் கட்டாய நிபந்தனைகள் வந்தன. குடிக்கும் போட்டி வைக்கக் கூடாது. ஒரு தொகை கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று, அது நிதானமில்லாத குடியைத் தூண்டும் விதமாக விற்கக் கூடாது. வாயைத் திறக்கச் சொல்லி நேரே ஊற்றக் கூடாது. இதற்கெல்லாம்கூடச் சட்டம் போடும்படி நடந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் படித்துக்கொள்ள வேண்டும். சின்ன அளவிலும் மது கிடைக்க வேண்டும். கேட்டால் குடிதண்ணீர் காசில்லாமல் தர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 141ஆம் பிரிவு, ஏற்கெனவே போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே மது விற்பதைக் குற்றமாக்கியிருந்தது. இலங்கை 2006இல் புகையிலைக்கும் மதுவுக்குமாகத் தேசிய அதிகார சபை ஒன்றை அமைத்து, மது விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடுத்தது.

நம் நாட்டில் இந்த ஆஃபர் வியாபாரம் ஊரறிய நடந்தது டெல்லியில். தனியார் கடைகளுக்கு உரிமம் தந்த 2021-22 மதுக் கொள்கையின்போது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடைகள் அறிவிக்க, வாசலில் கூட்டம் அலைமோதியது. 2022 பிப்ரவரி 28இல் அரசு கழிவுகளை நிறுத்தச் சொன்னது. ஏப்ரலில் 25 சதவீதம் வரை கழிவு தரலாம் என்று மறுபடி திறந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் பூட்டும் போட்டு, சாவியும் கொடுத்தாகிவிட்டது.

மழை விட்டது. நான் எழுந்தபோது அந்த மேசையில் எட்டு பாட்டில்கள் நின்றன. கடிகாரம் ஆறு ஐந்து. பெரியவர் இப்போது எல்லோரையும்விட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் இருட்டிக்கொண்டு வருகிறது. சந்தின் முனையில் இருந்த தென்னை மரத்தை அடியிலிருந்து குருத்துவரை பச்சை சீரியல் பல்பால் சுற்றியிருந்தார்கள். எழுத்து ஒன்றும் இல்லை. பல்பு அம்புக்குறி போல உள்பக்கம் ஓடுகிறது, அவ்வளவுதான். எழுத்து இல்லாததற்குக் காரணம் இருக்கலாம். 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது, வழக்கறிஞர் கே. பாலு தொடுத்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. மது கிடைக்கும் என்று சொல்கிற பலகையோ விளம்பரமோ தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் இருக்கக் கூடாது. கடை சாலையிலிருந்து கண்ணில் படவும் கூடாது. 2017 மார்ச்சில் இருபதாயிரம் பேருக்கு மிகாத ஊர்களில் 500 மீட்டர் 220 ஆனது. அடுத்து நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கு. 2018 பிப்ரவரியில் ஊராட்சிகளுக்கும் விலக்கு தரலாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்யட்டும் என்று ஆனது. பலகை கூடாதென்றால் பல்பு. பல்பு விளம்பரமா, தென்னைக்குத் திருவிழா அலங்காரமா என்று எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது? லாரி ஓட்டுகிறவருக்கு அந்தப் பச்சை அம்பு போதும். எங்கள் கண்ணெதிரே ஒரு லாரி இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது.

நாகப்பட்டினம் பேருந்து வந்தது. தள்ளுவண்டியை இரண்டு பேர் உருட்டிக்கொண்டு போக, மற்றவர்கள் பெரியவரைப் பேருந்தில் ஏற்றி உட்காரவைத்தார்கள். சாவடியில் வண்டி நின்றது. காவலர் ஒருவர் ஏறினார். மேல்தட்டில் இருந்த பைகளை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பாட்டில் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். மஞ்சள் பை ஒன்று காட்டிக்கொடுத்தது. அந்தப் பை யாருடையது என்றால் பேருந்தில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. சொந்தக்காரன் இல்லாத இரண்டு பாட்டிலை அவர் எடுத்துக்கொண்டு இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "வயித்துல ஏத்திக்கிட்டு வர்றவங்களையும் இறக்குங்க சார்!" பேருந்து முழுக்கச் சிரிப்பு. காவலரும் சிரித்தார். பெரியவர் மட்டும் சிரிக்காமல், பையைத் திறந்து காவித் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ஜெபமாலையை எடுக்கவில்லை.

சாவடிக்கு இந்தப் பக்கம் டாஸ்மாக் ராஜ்ஜியம். 1983இல் தொடங்கிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. இங்கே ஆஃபர் கிடையாது. இலவசம் கிடையாது. பச்சை பல்பு கிடையாது. பகல் 12 முதல் இரவு 10 வரை, கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு கை காசை வாங்கிக்கொண்டு குவாட்டரைத் தள்ளுகிறது. பாட்டிலிலேயே 'குடி குடியைக் கெடுக்கும்' என்று அச்சிட்டு விற்ற ஊர் இது. மாநகராட்சி, நகராட்சிகளில் கோயிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். காந்தி பிறந்தநாள், மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் என்று சில நாள்களுக்கு மூடி வைக்கிறார்கள். எந்த நாட்டு ஒழுங்குமுறை அதிகாரி வந்து பார்த்தாலும் விளம்பரம் இல்லாத இந்த விற்பனையைக் கண்டு மகிழ்ந்துபோவார். 2023-24இல் இந்த விளம்பரமில்லாத வியாபாரம் அரசுக்குத் தந்த வருவாய் 45,855 கோடி ரூபாய்.

ஆக, நம்முடைய சண்டை எல்லாம் அளவுநாடாவோடு போடுகிற சண்டை. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மீட்டர், எத்தனை மணிக்குத் திறக்கிறது. அந்தச் சண்டையை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி அலைபேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31இல் உயிர்விட்டார். 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலைக் கடைகள் மூவாயிரத்துக்கும் மேல் மூடப்பட்டு, குடியிருப்புக்குள்ளும் வயல்காட்டு ஓரத்துக்கும் இடம் மாற முயன்றபோது ஊர் ஊராகப் பெண்கள் மறித்து நின்றார்கள். அடிவாங்கியும் நின்றார்கள். 2023 ஏப்ரலில் திருமண மண்டபங்களிலும் சிறப்பு உரிமம் பெற்று மது பரிமாறலாம் என்று வந்த அறிவிப்பு, எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுத் திரும்ப வந்தது. வாசல்வரை போராடத் தெரிந்த சமூகம்தான் நாம். வாசலுக்கு உள்ளே, மேசையில் என்ன நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. குடிக்கிறவன் எக்கேடோ கெடட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரின் கணக்கு வேறு விதம். சரக்கு விற்பது அரசு. பாரை டெண்டரில் எடுத்தவருக்குத் தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் எடுப்பதும்தான் வருமானம். வந்தவன் ஒரு கட்டிங்கோடு எழுந்து போனால் அவருக்கு ஒன்றும் தேறாது. உட்கார வேண்டும், முட்டை சொல்ல வேண்டும், காலி பாட்டில் கூட வேண்டும். ஆஃபர் என்று எழுதி ஒட்டாவிட்டாலும் அந்த நாற்காலியே ஆஃபர்தான். போதையில் இருப்பவருக்கு மேற்கொண்டு ஊற்றக் கூடாது என்று உரிமத் தாளில் எந்த மூலையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, "போதும்ண்ணே, வீட்டுக்குக் கிளம்புங்க" என்று பரிமாறுகிறவன் சொல்லி நான் கேட்டதில்லை.

வேளாங்கண்ணியில் இறங்கியபோது எட்டு மணி. அன்றைய தேர்ப்பவனி முடிந்து, பால்காரச் சிறுவனுக்கும் மோர் விற்ற கால் ஊனமான பையனுக்கும் மாதா காட்சி தந்த ஊர் காவி நிறத்தில் மிதந்துகொண்டிருந்தது. 1962இல் பெருங்கோயிலாக உயர்த்தப்பட்ட ஆலயத்தின் விளக்கொளி கடல்வரை விழுகிறது. பெரியவர் கூட்டத்தில் கலந்துவிட்டார். அவரை அப்புறம் பார்க்கவில்லை.

கடைத்தெருவில் மெழுகுவத்தி, மாதா படம், தென்னங்கன்று. ஒரு கடையில் தட்டு நிறைய வெள்ளித் தகட்டு உருவங்கள். கண், கை, கால், இதயம், வீடு, தொட்டில். எந்த உறுப்பில் நோயோ அந்த உருவத்தை வாங்கிக் காணிக்கையாகச் செலுத்துவது வழக்கம். ஒரு அம்மா குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அவர் வீட்டுக்காரர், தென்னங்கன்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். கன்றின் ஓலை காற்றில்லாமலே ஆடியது.

"ஆம்பள உருவம் இருக்கா தங்கச்சி?"

"முழு ஆளாக்கா, தல மட்டுமா?"

"முழு ஆளுதான். எங்க கோளாறுன்னு தெரியலியே."

கடைக்காரப் பெண் ஒரு தரம் தென்னங்கன்றைப் பார்த்தாள். "குடியாக்கா?"

தலையாட்டல்.

"அதுக்கு எல்லாரும் வயிறுதான் வாங்குறாங்க." ஒரு தகட்டை எடுத்து நீட்டினாள்.

அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருசமும் வந்து சத்தியம் பண்ணுனாரு. தீவாளி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. அவரா போய்க் குடிக்கிறதில்லடி. யாராச்சும் ஊத்திக் குடுத்துடுறாங்க."

"எல்லாப் பொண்டாட்டியும் இதத்தான்க்கா சொல்றாங்க" என்றாள் கடைக்காரி, சில்லறையை எண்ணியபடி.

இருவர் சொன்னதும் உண்மைதான். அந்த அம்மா வயிற்றை வாங்கவில்லை. முழு ஆளையே வாங்கிக்கொண்டு போனார்.

சத்தியம் செய்தவன்தான் காக்க வேண்டும், இதில் சட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நான் அந்த மேசையைப் பார்த்தேன். டம்ளர் மேல் கை இருந்தது. நாலாவது பாட்டிலை அந்த மேசையில் ஒருவரும் தேடவில்லை. பாதி விலையும் ஆறு மணியும் சேர்ந்து அதைக் கொண்டுவந்து வைத்தன. ஊற்றிய பையனால் மறுத்திருக்க முடியாது. அவன் பிழைப்பு மேசைக்காசில் ஓடுகிறது. மறுக்கிறவனை அன்றிரவே முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இங்கிலாந்தில் போதையில் இருப்பவருக்கு விற்றால் ஊழியரையே தண்டிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால் உரிமக்காரர் தப்பித்துக்கொள்வார், பத்தொன்பது வயதுப் பையன் மாட்டிக்கொள்வான். இங்கே எழுதினால் தண்டனை உரிமத்தின் மேல் விழுகிற மாதிரி எழுத வேண்டும். "போதும்" என்று சொன்ன ஊழியனை வேலையைவிட்டு நீக்கினாலும் உரிமம் போகும் என்று சேர்த்து எழுத வேண்டும்.

புதுச்சேரி அரசுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் வைக்கிற வேண்டுகோள் பெரியதல்ல. வேளாங்கண்ணித் திருவிழா நடக்கிற ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, இந்த ஒரு சாலையில் மட்டுமாவது, நேரக் கழிவும் மூன்றுக்கு ஒன்று பாதி விலையும் வேண்டாம். மேசையில் காசில்லாத தண்ணீர் வையுங்கள். போதையில் இருப்பவருக்கு ஊற்றக் கூடாது என்பதைத் தமிழில், பரிமாறுகிறவன் விரல் நீட்டிக் காட்டுகிற உயரத்தில், பலகையாக எழுதி மாட்டுங்கள். இரண்டு அரசும் இரண்டு சட்டமும் ஆயிற்றே, ஒத்துப்போகுமா என்று கேட்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் முதல் 2021 ஏப்ரல் வரை, எல்லை தாண்டி வருகிற கூட்டத்தைத் தடுப்பதற்காகவே புதுச்சேரி அரசு சிறப்பு வரி போட்டு, தன் மதுவிலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக உயர்த்தி வைத்திருந்தது.